சைலன்சர் கழற்றிய படகு

தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டு அடுப்படிக்கும் கடலுக்கும் இடையே இரண்டு தெருக்களும் ஒரு மணல்மேடும் இருக்கின்றன. அடுப்படியில் கடலைப் பார்க்க ஜன்னல் கிடையாது. இருந்தும், முற்பகலில் புளி கரைத்துக்கொண்டிருக்கும் அம்மா சட்டென்று கையை உதறிக்கொண்டு எழுந்து, அன்னக்கூடையை இடுப்பில் இடுக்கியபடி வாசலைத் தாண்டினால், அப்பாவின் படகு கரையை நெருங்கிவிட்டது என்று பொருள். எப்படித் தெரியும் என்று சிறுவயதில் ஒருமுறை கேட்டேன்.

"உங்கப்பா இஞ்சினு இருமும். மத்ததுங்க கத்தும்" என்றாள்.

அதில் மிகை எதுவும் இல்லை. எங்கள் கரையில் ஒவ்வொரு வீட்டுக்கும் அதனதன் இன்ஜினின் குரல் தெரியும். காரணம் எளிது. எந்தப் படகிலும் சைலன்சர் கிடையாது. புது இன்ஜின் வந்து இறங்கியதும், எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போடுவதற்கு முன்பே, ஸ்பானரை எடுத்து சைலன்சரைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிடுவார்கள். அப்படிக் கழற்றியவை வீட்டுக்கு ஒன்று கிடக்கும். வலைமீது போர்த்திய தார்ப்பாய் காற்றில் பறக்காமல் இருக்க அவற்றைத்தான் பாரமாக வைப்போம். கழற்றாவிட்டால் இழுவை குறையும் என்பார்கள். ஆண்கள் சொல்லும் காரணம் அது. பெண்களுக்கு வேறொரு காரணம் இருந்தது. அதை யாரும் காரணம் என்று சொன்னதில்லை. கடலுக்குப் போனவர் திரும்பிவிட்டார் என்பதை அவர்கள் முதலில் காதால்தான் அறிந்தார்கள்.

நான் மேடைப் பேச்சாளர். இதைத் தயக்கமின்றிச் சொல்கிறேன். தயங்கிப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. பள்ளி நாள்களிலேயே கடலூரில் நடந்த போட்டிகளில் பெரும்பாலானவற்றில் என் பெயரைக் கடைசியாகத்தான் அறிவிப்பார்கள். முதல் பரிசை அப்படித்தானே அறிவிக்க வேண்டும். மைக் பழுதானால் மற்றவர்கள் மேடையைவிட்டு இறங்குவார்கள், நான் ஏறுவேன். அந்தக் குரல் எனக்குக் கடற்கரையில் வாய்த்தது. மாலையில் அப்பா என்னை அலைக்கு அருகே நிறுத்திவிட்டு மணலில் விலகி நடந்து போவார். நான் பேசுவேன். சொல் போய்ச் சேர்ந்தால் அங்கிருந்தே வலது கையைத் தூக்கிக் காட்டுவார். சேராவிட்டால் கை தொங்கியே இருக்கும். அலை விழும் நேரத்தில் வாக்கியத்தை நிறுத்தவும், அது பின்வாங்கும் நேரத்தில் முக்கியமான சொல்லை வைக்கவும் அந்தக் கையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அப்பா பேச்சின் பொருளைப் பற்றி ஒருநாளும் கருத்துச் சொன்னதில்லை. கேட்டதா, கேட்கவில்லையா என்பது மட்டுமே அவர் தீர்ப்பு.

பின்னர் சிதம்பரத்தில் இயந்திரப் பொறியியல் படிக்கச் சேர்ந்தேன். விடுதியில் தங்கி, எப்போதாவது ஒரு வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவேன். உள்ளெரி இன்ஜின்களைப் பற்றிய பாடத்தில் முதல் வகுப்பிலேயே எனக்கு மனம் ஒட்டிக்கொண்டது. பிஸ்டன் கீழே இறங்கிக் காற்றை உள்ளிழுக்கிறது. மேலே ஏறி அதை அமுக்குகிறது. அமுங்கிக் கொதிக்கும் காற்றில் டீசல் பீய்ச்சப்பட்டு எரிகிறது, அந்த அழுத்தம் பிஸ்டனைத் தள்ளுகிறது. கடைசி வீச்சில் எரிந்த புகை வெளியேற்றப்படுகிறது. நான்கு வீச்சுகளில் ஒன்றுதான் வேலை தருகிறது. மற்ற மூன்றும் அந்த ஒன்றுக்காக உழைக்கின்றன.

என்னை உலுக்கியது அதற்கடுத்த செய்தி. தள்ளும் வீச்சு முடியும்வரை வெளியேற்று வால்வு காத்திருப்பதில்லை. பிஸ்டன் அடிமட்டத்தைத் தொடுவதற்கு முன்பே, இன்னும் தள்ளும் வலு மிச்சமிருக்கும்போதே, வால்வைத் திறந்துவிடுகிறார்கள். அந்த மிச்ச வலு வீணாகத்தான் போகிறது. தெரிந்தே விடுகிறார்கள். விடாவிட்டால் புகை உள்ளேயே தங்கும். அடுத்த மூச்சுக்குப் புதுக் காற்று நுழைய இடமிருக்காது. இன்ஜின் வடிவமைப்பில் எங்கே தொட்டாலும் இதே நியாயம் இருந்தது. அமுக்க விகிதத்தைக் கூட்டினால் எரிபொருள் மிச்சமாகும், ஆனால் தாங்கும் உலோகம் கனக்கும். வால்வைப் பெரிதாக்கினால் மூச்சு தாராளமாகும், ஆனால் அதைத் தாங்கும் சிலிண்டரின் தலைப்பகுதி மெலியும். ஒன்றை விடாமல் ஒன்றைப் பெற முடியாது. வாதத்தில் எதையும் விட்டுக்கொடுக்காமல் வளர்ந்த எனக்கு, விட்டுக்கொடுப்பதையே கணக்காகப் போடும் ஒரு துறை புதிதாக இருந்தது.

படகின் ஓசை எங்கிருந்து பிறக்கிறது என்பதும் அன்றுதான் புரிந்தது. வால்வு திறக்கும் அந்தக் கணத்தில், அடைபட்டிருந்த அழுத்தம் ஒரே அடியாக வெளியே பாய்கிறது. அம்மா இருமல் என்று சொன்னது அதைத்தான்.

சிதம்பரத்தில் எங்கள் கல்லூரி விழாவில் ஒரு பட்டிமன்றம் நடந்தது. டீசல் இன்ஜினின் காலம் முடிந்துவிட்டதா, இல்லையா என்பது பொருள். முடியவில்லை என்ற அணிக்கு நான் தலைமை. அப்பா, அம்மா, அப்பாவோடு கடலுக்குப் போகும் என் தாய்மாமா ஆகிய மூவரும் பேருந்து பிடித்து வந்து நடுவரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா சலவைச் சட்டை போட்டிருந்தார். நான் பேசினேன். அரங்கம் கை தட்டியது. அப்பாவும் தட்டினார், ஆனால் மற்றவர்கள் நிறுத்தப்போகும் நேரத்தில் தொடங்கினார். முதலில் அதை நான் கவனிக்கவில்லை. இரண்டாம் முறையும் அப்படியே நடந்தது. எதிரணியினர் என்னைக் கேலி செய்து கைதட்டு வாங்கியபோது, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து அதற்கும் சிரித்தபடி தட்டினார்.

முடிவுரையில் நான் அவரையே சாட்சிக்கு அழைத்தேன். தேவனாம்பட்டினத்தில் ஒரு படகு இருக்கிறது, அந்தப் படகின் இன்ஜின்தான் என்னை இந்த மேடைவரை தள்ளிவந்தது, அதை ஓட்டியவர் இதோ இந்த அவையில் இருக்கிறார் என்று கையை நீட்டினேன். அரங்கம் முழுவதும் திரும்பி அவரைப் பார்த்தது. அப்பா அவர்களைப் பார்த்துச் சிரித்தார். ஏன் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. தனக்குப் பின்னால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அவரும் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

அன்று எங்கள் அணிதான் வென்றது. பேருந்து நிலையத்தில் அம்மாவைத் தனியே நிறுத்திக் கேட்டேன். கொஞ்ச காலமாகவே அப்படித்தான் என்றாள். கூப்பிட்டால் திரும்புவார், என்ன சொன்னோம் என்பது போய்ச் சேராது. டி.வி. சத்தம் ஜாஸ்தியாகிக்கொண்டே போனது. நான் படிக்கிற பிள்ளை, கவலைப்படுவேன் என்று அவர்தான் சொல்ல வேண்டாம் என்றாராம்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு காது மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அவர் ஒரு வரைபடத்தை எடுத்து எங்கள் முன் வைத்தார். கோடு இடப்பக்கம் ஓரளவு சமமாகப் போய், வலப்பக்கம் மேட்டிலிருந்து தண்ணீர் விழுவதுபோலச் செங்குத்தாக இறங்கியது. தணிந்த ஓசைகள் இன்னும் கேட்கின்றன, கூர்மையான ஓசைகள் போய்விட்டன என்றார். மனிதக் குரலில் ஒரு சொல்லை மற்றொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுவது அந்தக் கூர்மைதான். ஆகவே யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. என்ன தொழில் என்று கேட்டார். சுனாமிக்குப் பிறகு கிடைத்த பைபர் படகு, அதன் பின்முனையில் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின், அதற்குக் கைநீட்டும் தூரத்தில் சுக்கானைப் பிடித்து உட்காரும் ஆள் என்று நான் சொன்னேன். சைலன்சர் கிடையாது என்பதையும் சொன்னேன். மருத்துவர் பேனாவை மூடினார். போனது திரும்பாது, சத்தத்தைக் குறைத்தால் இருப்பதைக் காக்கலாம், குறைக்காவிட்டால் சில ஆண்டுகளில் பேச்சுக்குரல் மொத்தமாகப் போய்விடும் என்றார்.

காதுக்கருவி ஒன்று வாங்கினோம். அது கடலில் இன்ஜின் சத்தத்தையும் சேர்த்துப் பெரிதாக்கியது. உப்புக்காற்றில் சீக்கிரமே இரையத் தொடங்கியது. அப்பா அதைச் சிறிய டப்பாவில் போட்டு சாமி மாடத்தில் வைத்துவிட்டார். அடைப்பான்களைக் காதில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அதற்கு அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. எனவே, மிச்சமிருந்தது ஒரே வழி. சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே, அது பிறக்கும் வாயிலேயே அதைக் குறைக்க வேண்டும்.

இறுதியாண்டு திட்டப்பணிக்கு மீன்பிடிப் படகுக்கான சைலன்சர் என்று தலைப்புக் கொடுத்தேன். என் வழிகாட்டிப் பேராசிரியர் எச்சரித்தார்: புகையின் பாதையில் எதை வைத்தாலும் அது புகையைத் திருப்பித் தள்ளும், அந்தப் பின்னழுத்தத்தால் உள்ளே எரிந்த காற்று தங்கும், இழுவை குறையும், சூடு ஏறும். எங்கள் கரைக்காரர்கள் சொல்வது மூடநம்பிக்கையில்லை என்று அப்போது தெரிந்தது. கம்பெனி கொடுக்கும் சைலன்சரின் உட்தகடுகள் உப்புக்காற்றில் துருப்பிடித்து உதிர்ந்து பாதையையே அடைத்துவிடும். நடுக்கடலில் இன்ஜின் மூச்சுமுட்டி நின்றுபோன அனுபவம் யாருக்கோ என்றோ வாய்த்திருக்க வேண்டும். அதன்பிறகுதான் எல்லோரும் கழற்றத் தொடங்கியிருப்பார்கள்.

நான் அடைக்காத ஒன்றை வடிவமைத்தேன். நடுவே நேராக ஓடும் குழாய். அதன் உடம்பெங்கும் சிறு துளைகள். அதைச் சுற்றிலும் அளவு வேறுபட்ட அறைகள். புகை நேராகப் போகலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஓசை மட்டும் துளைகள் வழியாக அறைகளுக்குள் நுழைந்து, சுவரில் மோதித் திரும்பி, எதிரே வரும் ஓசையோடு மோதித் தேய வேண்டும். மெதுவாகச் சுழலும் இன்ஜினின் தணிந்த அதிர்வுக்கு ஏற்ப அறைகளின் நீளத்தைக் கணக்கிட்டேன். துருவுக்கு அஞ்சித் துருப்பிடிக்காத எஃகு. அலைநீர் புகுந்தால் வடிய அடியில் ஒரு துளை. சூட்டுக்காப்பாக மேலே நார் சுற்றலாமா என்று யோசித்தேன். அதில் உப்புநீர் ஊறிக் கிடக்கும் என்பதால் விட்டுவிட்டேன்.

ஆய்வுக்கூடத்தில் அதே வகை இன்ஜினில் பொருத்தி ஓட்டினோம். இழுவையில் இழந்தது கணக்கில் எடுக்கும் அளவுக்கு இல்லை. ஓசையோ அடங்கி, கனத்த துணிக்குள் வைத்துத் தட்டுவதுபோல ஆனது. ஓடும் இன்ஜினுக்குப் பக்கத்தில் நின்று, மேடைக்குரலை எடுக்காமல், வீட்டில் பேசுவதுபோல ஒரு வாக்கியம் பேசினேன். கூடத்தின் மறுகோடியில் இருந்த உதவியாளர் அதை அப்படியே திருப்பிச் சொன்னார். நான் வாங்கிய எந்தக் கோப்பையும் அந்த நொடிக்கு ஈடில்லை. அப்பாவும் மாமாவும் படகில் பேசிக்கொண்டு வருவதை அப்போதே மனதில் பார்த்துவிட்டேன்.

சாக்கில் சுற்றி அதைப் பேருந்தில் கொண்டுவந்தேன். கண்டக்டர் சாக்கை மேலும் கீழும் பார்த்து, "என்னம்மா, வழியில வெடிக்காதுல்ல?" என்றார். வெடிச்சத்தத்தை நிறுத்தும் பொருள் இது என்று விளக்கத் தொடங்கினேன். பரங்கிப்பேட்டை விலக்கு வருவதற்குள் பின்னிருக்கைவரை எல்லோருக்கும் அதன் வேலை தெரிந்துவிட்டது.

அப்பாவைச் சம்மதிக்க வைக்க ஒரு முழு உரையையே தயாரித்து வைத்திருந்தேன். இழுவை, டீசல், துரு, காது என்று எதிர்வாதம் ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. அவர் சாக்கைப் பிரித்து, அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குழாய்க்குள் ஒரு கண்ணால் பார்த்தார். மறுபக்கம் தெரிந்தது.

"நீ செஞ்சதா?"

தலையாட்டினேன்.

"அப்ப போடு" என்றார். என் உரைக்கு வேலையே இல்லாமல் போனது.

மாமாதான் பொருத்தினார். பொருத்தும் நேரமெல்லாம் வாய் ஓயவில்லை. "மச்சானுக்கு வாய்ப்பூட்டு போட ஒங்கம்மாவால ஆவல. நீ மச்சான் இஞ்சினுக்கே போட்டுட்ட" என்றார். எங்கள் வீட்டில் பெண்கள் படகில் ஏறுவதில்லை. நான் மணலில் நின்றபடி எந்தத் திருகை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் விடியற்காலையில் படகு கிளம்பியது. அலையைத் தாண்டியதுமே ஓசை கரைந்துவிட்டது. மற்றப் படகுகள் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தன. கரையில் நின்ற நான் அந்த மறைவைக் கேட்டுப் பூரித்தேன்.

அன்று முற்பகல் அம்மா அடுப்படியில் இருப்புக்கொள்ளாமல் தவித்தாள். குழம்பைப் பாதியில் இறக்கிவிட்டு வெயிலில் போய் நின்றாள். ஏலம் போடும் இடத்தில் யாரோ பேச்சுக் கொடுக்க, அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் அப்பாவின் படகு மணலில் ஏறியிருந்தது. "புள்ளைய படிக்க வெச்சேன், புருசன் வர்றது தெரியாம போச்சு" என்று கூடையோடு நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். கரை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பழகிவிடும் என்று நினைத்தேன். அன்று மாலையே சிதம்பரம் போய்விட்டேன்.

அடுத்த முறை வீட்டுக்கு வந்தபோது அப்பா இடது கையால் சாப்பாட்டுத் தட்டைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது, ஸ்பூனால் சாப்பிட்டார். எங்கள் வீட்டில் ஸ்பூனால் சோறு சாப்பிட்டவர் யாரும் கிடையாது. கயிறு அறுத்துவிட்டது என்றார். சாப்பிட்டு முடித்ததும் துணியை மாற்ற உட்கார்ந்தேன். அது கயிறு அறுத்த காயமில்லை. உள்ளங்கை முழுவதும் தோல் வெந்து உரிந்திருந்தது. அந்தக் காயத்தின் விளிம்பு வளைந்திருந்தது. அந்த வளைவு எந்த விட்டத்துக்கு உரியது என்பதை நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. என் சைலன்சரின் வெளிச்சுற்று அது.

மாமாவிடம் போனேன். அவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கண்ண மூடிக்கிட்டு தடவற மாதிரி தடவறாரு" என்றார். "ஓடுதா நின்னுச்சான்னு அவுருக்கு தெரியல. சும்மா சும்மா கைய வெச்சு பாக்குறாரு. இஞ்சினு மேல வெக்கிறதா நெனச்சி ஒருவாட்டி அது மேல வெச்சுட்டாரு. கழட்டிடலாம் மச்சான்னு நான் சொன்னேன். அடிக்க வந்துட்டாரு. புள்ள செஞ்சதுன்றாரு."

அன்று மாலை அப்பாவைக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். படகு மணலில் ஏற்றப்பட்டிருந்தது. அதன் நிழலில் அவருக்கு எதிரே, என் வாய் அவருக்குத் தெரியும்படி உட்கார்ந்தேன். நான் கேட்க வந்ததை அவர் முன்பே அறிந்திருந்தார்.

"நல்லாத்தான் வேல செய்யுது. இழுவ ஒன்னும் கொறையல" என்றார்.

துணி சுற்றிய அவர் கையைச் சுட்டிக் காட்டினேன். அவர் அதை மடியில் மறைத்துக்கொண்டார்.

பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். காது மந்தமான நாள்முதல் உள்ளே ஒரு சத்தம் இருந்துகொண்டே இருக்கிறதாம். "சில்வண்டு மாதிரி. வூட்டுல படுத்தா அதான் கத்திக்கினு கெடக்கும். கடல்ல இஞ்சினு போட்டா அடங்கிடும். இப்ப கடல்லயும் கத்துது பாப்பா. அமைதி வந்தாலே அது வந்துடுது."

காதுக்குள் இப்படி ஓர் இரைச்சல் இருக்கலாம் என்று மருத்துவரும் அன்று சொல்லியிருந்தார். நான்தான் அதை அவருடைய துன்பங்களில் சிறியதாக எண்ணியிருந்தேன்.

"மாமா கொரலு கேக்கல. அலை கேக்கல. காக்கா கேக்கல. எனக்கு இன்னமும் முழுசா கேக்கறது அந்த இஞ்சினு ஒன்னுதான். அதுல ஒரு அடி தப்பினா எனக்கு தெரியும். எண்ண கொறைஞ்சா தெரியும். ப்ரொப்பெல்லர்ல வல சுத்துனா தெரியும். இப்ப பொம்ம மாதிரி ஒக்காந்து வர்றேன்."

அப்போதும் நான் வாதாடினேன். வாதாடாமல் வேறெப்படி அன்பு காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. சத்தம் தொடர்ந்தால் மிச்சமிருக்கும் செவியும் போகும் என்றேன். சூடு படாமல் காப்பு சுற்றித் தருகிறேன், ஓடுவதைக் காட்ட ஒரு விளக்கு வைத்துத் தருகிறேன் என்றேன். இப்போது விட்டுவிட்டால் இன்னும் சில ஆண்டுகளில் என் குரல்கூட உங்களுக்குக் கேட்காது என்றேன். அவர் என் உதடுகளைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வாக்கியத்தை மறுபடி சொல்லச் சொன்னார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

"உன் பேச்சு இப்பவே கேக்கல பாப்பா" என்றார். "செதம்பரத்துல நீ பேசுனப்ப வாய் அசையறத பாத்துக்கினு இருந்தேன். சின்னதுல இங்க நின்னு பேசுவியே, அந்தக் கொரல எடுத்து அதுல போட்டுக்குவேன். அது போதும் எனக்கு. அது எங்கயும் போவாது."

என் குரலைக் கேட்கும் செவியைத்தான் நான் காக்க நினைத்தேன், அது அவரிடம் ஏற்கெனவே இல்லை. மிச்சமிருந்த தணிந்த ஓசைகளில் அவருக்குத் துணையாக இருந்தது ஒன்றே ஒன்று. அதைத்தான் என் அறைகள், நீளத்தைக் கணக்கிட்டு, தேடிப் பிடித்து அடக்கின. கணக்கில் பிழை இல்லை. நான் எதை அடக்க நினைத்தேனோ அது துல்லியமாக அடங்கிவிட்டது.

மாமாவின் ஸ்பானர் படகின் பின்முனையில் கிடந்தது. ஏறாமலே கை எட்டியது. நான் திருகைத் தளர்த்தத் தொடங்கியதும் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"கழட்டிட்டா உன் மார்க்கு போயிடுமா?"

இல்லை என்று தலையசைத்தேன். அவர் பிடியை விட்டார்.

திருகு உப்பில் லேசாக இறுகியிருந்தது. ஸ்பானரை இரண்டு கையாலும் அழுத்தித் திருப்பினேன். கழற்றியதைச் சாக்கில் சுற்றினேன். குழாயின் திறந்த வாயில் அவர் இடது கையின் விரலை விட்டு, சுற்றிலும் படிந்திருந்த கரியைத் துடைத்தார்.

சிதம்பரத்தில் திட்டப்பணித் தேர்வு நடந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வடிவமைப்பைப் பாராட்டினார். நான் வழக்கம்போலத் தடையில்லாமல் பேசினேன். முடிவில் அவர், இது இப்போது படகில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் என்றார். இன்ஜினை வெளியிலிருந்து கேட்பவருக்காக இதை வடிவமைத்துவிட்டேன், அதன் அருகில் இருப்பவருக்கு அந்த ஓசை தேவைப்படுகிறது என்றேன். அவர் அதை ஒரு குறையாகக் கருதவில்லை. நல்ல அவதானிப்பு என்று சொல்லி அடுத்த மாணவரை அழைத்தார். சைலன்சர் இப்போது துறையின் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. கரி படிந்திருந்த வாயை யாரோ துடைத்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள்.

படிப்பு முடிந்து நான் வீட்டுக்கு வந்த மறுநாள். முற்பகல். அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படி வாசலில் உட்கார்ந்து, மாவட்டப் போட்டிக்கான உரையை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா கையை உதறினாள். எனக்கு இன்னும் எதுவும் கேட்கவில்லை. அவள் கூடையை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டும்போதுதான் கேட்டது: கத்தும் ஓசைகளுக்கு நடுவே தணிந்த அந்த இருமல். ஒவ்வொரு அடியிலும், அவர் செவியில் மிச்சமிருப்பதில் கொஞ்சம் போய்க்கொண்டிருக்கிறது என்பதை நான் படித்திருக்கிறேன். அவர் உயிரோடு திரும்புகிறார் என்பதும் அதே அடியில்தான் வருகிறது.

அம்மாவுக்குப் பின்னால் ஓடி மணல்மேட்டில் ஏறினேன். படகு அலைக்கு அப்பால் சரியான நேரத்துக்காகக் காத்து நின்றுகொண்டிருந்தது. பின்முனையில் அப்பா சுக்கானைப் பிடித்தபடி கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரம் அதிகம், நான் எவ்வளவு உரக்கக் கூப்பிட்டாலும் பயனில்லை. சிறுவயதில் அவர் எனக்குக் காட்டியதுபோல வலது கையைத் தூக்கிக் காட்டினேன்.

தோல் புதிதாக வளர்ந்திருந்த அந்த உள்ளங்கையைச் சுக்கானிலிருந்து எடுத்து அவரும் தூக்கினார். அலை வந்தது. இன்ஜின் உறுமி ஏறியது. அவர் கையை இறக்கிப் படகைக் கரைக்குத் திருப்பினார்.